வராத புகார்களைப் பற்றி, புகார் எழுதிக்கொள்பவர்களுக்கு

பாலியல் வன்முறைப் புகார்களை முதன்முதலில் கேட்டு எழுதிக்கொள்ளும் காவல் அலுவலர்களே, வணக்கம்.

இந்த மடலை அமைச்சர்களுக்கு எழுதியிருக்கலாம், நீதிபதிகளுக்கு எழுதியிருக்கலாம். அவர்களுக்கு எழுதுவோர் ஏற்கெனவே ஏராளம். தனக்கு நடந்ததைச் சட்டத்திடம் சொல்லிவிடலாம் என்று துணிந்து வரும் பெண் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். சட்டப் புத்தகத்தில் எத்தனை திருத்தங்கள் வந்திருந்தாலும், அந்த அறையில், அந்த முதல் அரை மணி நேரத்துக்கு நீங்கள்தான் சட்டம். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன். வந்த புகார்களை விட்டுவிடுகிறேன். வராமலே போனவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் பேசி 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்களில், தமக்கு நேர்ந்தவற்றிலேயே மிகக் கடுமையானதைக் காவல் துறையிடம் கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் குற்றக் கணக்கெடுப்பில், வன்புணர்வுக்கு ஆளான பெண்களில் காவல் துறையிடம் சொன்னவர்கள் ஆறில் ஒருவருக்கும் குறைவு. இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21), உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் 77 விழுக்காட்டினர் உதவியும் தேடவில்லை, எவரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி தேடிய 14 விழுக்காட்டினரிலும் பெரும்பாலோர் போனது தம் குடும்பத்தாரிடம். உங்கள் வாசலுக்கு வந்தவர்கள் மிகச் சிலர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெட்கம், அச்சம், குடும்ப மானம், ஊர் வாய். இவை பொய்யில்லை. ஆனால் இந்த விளக்கம் உங்களுக்கு மிகவும் வசதியானது. காரணங்கள் அனைத்தும் அந்தப் பெண்ணுக்குள்ளேயே இருப்பதாகச் சொல்லிவிட்டால், காவல் நிலையத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ‘தைரியமாக முன்வாருங்கள்’ என்று ஒரு விளம்பரப் பலகை வைத்தால் போதும். மொழி, சமயம், வருமானம், சட்டம் எல்லாமே வேறான நாடுகளில் ஏன் ஒரே மாதிரியான விடை வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் புகார் தராத பெண்கள் அடிக்கடி சொன்ன காரணங்களில் கூச்சம் இருந்தது. அதற்கு இணையாகவே ‘காவல் துறையால் எதுவும் செய்ய முடியாது’, ‘அவமானப்படுத்துவார்கள்’ என்பவையும் இருந்தன. இவை அச்சம்கூட இல்லை. கணிப்புகள். எனக்குத் தெரிந்தவரை, அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன.

எதை வைத்து அவர்கள் அப்படிக் கணிக்கிறார்கள்? ஏற்கெனவே புகார் கொடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்து.

அமெரிக்காவில் சியாட்டில் நகருக்கு அருகில் லின்வுட் என்ற ஊர். 2008 ஆகஸ்டில் 18 வயதுப் பெண் ஒருவர், தன் வீட்டுக்குள் இரவில் புகுந்த ஒருவன் கட்டிப்போட்டு வன்புணர்ந்ததாகவும் புகைப்படம் எடுத்ததாகவும் அன்றே காவல் துறையிடம் சொன்னார். உடனடியாகச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். தாமதம் என்ற குறையே இல்லை. வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவர் அவர். முன்பு அவரை வளர்த்தவர்களில் ஒருவருக்கே அவர் நடந்துகொண்ட விதம் பிடிபடவில்லை. அழவில்லை, உடையவில்லை, யாருக்கோ நடந்ததைப்போலச் சொல்கிறாள் என்று ஐயப்பட்டு அதைக் காவல் துறைக்கும் தெரிவித்தார். அலுவலர்கள் அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒரு முறை சொன்னதற்கும் மறுமுறை சொன்னதற்கும் இடையே சிறு முரண்கள் தென்பட்டன. கட்டை அறுத்த பிறகு தோழியை அழைத்தாரா, அதற்கு முன்பா என்பது போன்றவை. விசாரணை மெல்லத் திசை மாறி அவர் மீதே பாய்ந்தது. கடைசியில், நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தார். பொய்ப் புகார் கொடுத்த குற்றத்துக்காக அவர் மீது வழக்குப் போட்டார்கள். நீதிமன்றச் செலவாக 500 டாலர் கட்டினார்.

2011-இல், ஆயிரம் மைல்களுக்கு அப்பால் கொலராடோவில் ஒரு தொடர் குற்றவாளி பிடிபட்டான். அவனிடமிருந்த படங்களில் லின்வுட் பெண்ணின் படமும் இருந்தது. அவர் சொன்னபடியே எல்லாம் நடந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவன் வேறு பெண்களையும் தாக்கியிருந்தான். அவனுக்கு 327 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு 500 டாலர் திரும்பக் கிடைத்தது. பிறகு வழக்குத் தொடுத்து நகர நிர்வாகத்திடமிருந்து இழப்பீடும் பெற்றார்.

இதை நான் நீட்டிச் சொல்லக் காரணம், இதில் கொடூரமான அலுவலர் எவரும் இல்லை என்பதுதான். லஞ்சம் இல்லை, மேலிட அழுத்தம் இல்லை, அடிதடி இல்லை. ‘பாதிக்கப்பட்டவர் இப்படித்தான் இருப்பார்’ என்று மனத்தில் ஒரு சித்திரத்தை வைத்திருந்த சாதாரண மனிதர்கள், அதற்குப் பொருந்தாத ஒருவரைக் குற்றவாளியாக்கினார்கள். அந்தச் சித்திரம் உங்களிடமும் இருக்கிறது. அழ வேண்டும், ஆனால் பேச்சு தெளிவாக வர வேண்டும். உடம்பில் காயம் வேண்டும். கத்தியிருக்க வேண்டும். அன்றே வந்திருக்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் எழுத்து மாறாமல் ஒப்பிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் உங்கள் பேனா தயங்குகிறது.

‘ஏன் கத்தவில்லை?’ என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் எங்கும் கேட்கப்படுகிறது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கான அவசர மருத்துவப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. தாக்குதலின்போது உடல் விறைத்து அசைவற்றுப் போன நிலையை 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் அனுபவித்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. தப்ப வழியில்லை என்று உடல் உணரும்போது விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் தானாக ஏற்படும் இயக்கம் அது. அறிவு ஆணையிட்டாலும் கை எழாது, குரல் வராது. அப்படி உறைந்துபோன ஒருவருக்கு, பின்னாளில் தன் மீதே ஐயம் வந்துவிடுகிறது: நான் ஏன் தள்ளிவிடவில்லை? பல இரவுகள் தன்னையே கேட்டு விடை கிடைக்காமல், ஒருவழியாக உங்களிடம் வருகிறார். நீங்களும் அதையே கேட்கிறீர்கள்.

அவரது நினைவும் அப்படித்தான். கடும் அச்சத்தில் மனம் எல்லாவற்றையும் வரிசையாகப் பதிந்து வைப்பதில்லை. சுவரின் நிறம், ஒரு வாசனை, கடிகாரத்தின் ஓசை ஆகியவை கல்வெட்டாக நிற்கும். எது முன்னே, எது பின்னே என்பது குழம்பும். இது விசாரணையில் பழகிய உங்களுக்குத் தெரியாததல்ல. துப்பாக்கிச் சூட்டில் சிக்கிய உங்கள் சக அலுவலர் எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன என்பதைத் தவறாகச் சொன்னால், அவரைப் பொய்யர் என்று நீங்கள் எழுதுவதில்லை.

அடுத்து தாமதம். ‘இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்கிறீர்கள். (குற்றம் சாட்டப்பட்டவர் ‘அவர்’, புகார் தருபவர் மட்டும் ‘நீ’. இதைக் கவனித்திருக்கிறீர்களா?) என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்கிறேன். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தரும் கணக்கில், பதிவான வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், முதலாளி, ஆசிரியன், நண்பன், காதலன். இருட்டில் புதரிலிருந்து பாயும் அந்நியன் கதைகளில் அதிகம் வருகிறான், கோப்புகளில் குறைவு. தெரிந்தவன் என்றால், புகார் என்பது ஒரு குற்றவாளியைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. அக்காவின் வாழ்க்கை, அடுத்த மாதச் சம்பளம், முடிக்க வேண்டிய படிப்பு, குடியிருக்கும் வீடு, குழந்தைகள் யாரிடம் வளர்வார்கள் என்பது, அம்மா தாங்குவாரா என்பது, எல்லாம் அந்த ஒரு தாளோடு சேர்ந்து நகரும். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க நாள்கள் ஆகும், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும். எண்ணிப் பார்த்தபின் வந்தார் என்பதை ஐயத்துக்குக் காரணமாக்குவதைவிட, நம்பிக்கைக்குக் காரணமாக்குவதே நியாயம்.

கணவன் என்றால் இன்னும் மோசம். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மேத்யூ ஹேல் என்ற ஆங்கில நீதிபதி, திருமணத்தின்போதே மனைவி தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டாள், ஆகவே கணவன் மனைவியை வன்புணர்ந்தவனாக முடியாது என்று எழுதி வைத்தார். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1736-இல், அது அச்சாகியது. இங்கிலாந்து 1991-இல் அதைக் கைவிட்டது. இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும், மனைவி 18 வயதுக்குக் குறையாதவராக இருந்தால் கணவனுக்கு அந்த விலக்கைத் தொடர்ந்து தருகிறது. நடந்தது குற்றமே இல்லை என்று சட்டமே சொல்லும் இடத்தில், அவர் ஏன் புகார் தரவில்லை என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அதே ஹேல் இன்னொன்றும் எழுதினார்: வன்புணர்வுக் குற்றச்சாட்டு சுமத்துவதற்கு எளிது, நிரூபிப்பதற்குக் கடினம், குற்றமற்றவன் மறுப்பதற்கு அதைவிடக் கடினம் என்று. இந்த எச்சரிக்கையை அமெரிக்க நீதிமன்றங்களில் 1970-களிலும் நடுவர் குழுக்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் புகாருக்கோ மோசடிப் புகாருக்கோ இப்படி ஒரு முன்னெச்சரிக்கை கிடையாது. ‘எளிதாகச் சுமத்தப்படுவது’ என்றாரே, அந்த எளிமையைப் பெண்கள் யாரும் இன்னும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பொய்ப் புகார்கள் உண்டா? உண்டு. எல்லாக் குற்ற வகைகளிலும் உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் உள்துறை 2005-இல் வெளியிட்ட ஆய்வு 2,600-க்கும் மேற்பட்ட வன்புணர்வுப் புகார்களைப் பின்தொடர்ந்தது. அவற்றில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைக் காவல் துறை பொய் என்று வகைப்படுத்தியிருந்தது. காவல் துறைக்கென வகுக்கப்பட்ட விதிகளையே கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தால், அது 3 விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிடும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மிச்சமுள்ளவை, அலுவலரின் மனச்சித்திரத்துக்குப் பொருந்தாத பெண்களின் புகார்கள். லின்வுட் பெண்ணின் புகாரும், குற்றவாளி பிடிபடும் வரை ‘பொய்’ கணக்கில்தானே இருந்தது?

மரியாதைக்குரிய ஆண்கள் விஷயத்தில் உங்கள் ஐயம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை. 2004-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மெரிடியன் நகரியக் காவல் துறையிடம் 17 வயதுப் பெண் ஒருவர், தனக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் லேரி நாசர் மீது புகார் கொடுத்தார். புகார் கொடுத்த பெண்ணைத் துருவியவர்கள், மருத்துவரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் கணினித் திரையில் படங்களோடு ஒரு விளக்கவுரை நிகழ்த்தி, தான் செய்தது முறையான சிகிச்சை என்றார். வேறொரு மருத்துவரின் கருத்தைக்கூடக் கேட்காமல் கோப்பை மூடினார்கள். அரசு வழக்கறிஞரின் பார்வைக்கும் அது போகவில்லை. அதன்பின் 12 ஆண்டுகள் அவர் சிகிச்சை அறையிலேயே இருந்தார். 2018-இல் அவருக்குத் தண்டனை வழங்கப்பட்டபோது, அவரால் பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக 150-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். அந்த 2004-ஆம் ஆண்டுப் பெண்ணிடம் காவல் துறை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லது. ஆனால் இடையில் பாதிக்கப்பட்ட சிறுமிகள் எத்தனை பேர், ‘போலீசுக்குப் போனவளுக்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை அறிந்து வாயடைத்தார்களோ, அவர்களிடம் யார் கேட்பது?

இனி நீங்கள் ‘சில்லறை’ என்று ஒதுக்கும் புகார்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பிரான்சில் டொமினிக் பெலிகோ என்பவன், கடையில் பெண்களின் பாவாடைக்கு அடியில் படம் எடுத்ததாக 2010-இல் பிடிபட்டான். 100 யூரோ அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். அவன் மனைவிக்கு அது தெரிவிக்கப்படவும் இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து, மனைவிக்குத் தெரியாமல் மருந்து கொடுத்து மயக்கி, பிற ஆண்களை வீட்டுக்கு வரவழைத்து வன்புணரச் செய்தான்; ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அது நடந்தது. மயக்கத்தில் கிடந்தவருக்கு நடந்ததே தெரியாது. புகார் கொடுப்பது எங்கே? 2020 செப்டம்பரில் அதே ஆள், அதே குற்றத்துக்காக, வேறொரு பேரங்காடியில் மீண்டும் பிடிபட்டான். இம்முறை அங்கிருந்த காவலாளி அந்தப் பெண்களைப் புகார் கொடுக்கும்படி ஊக்கப்படுத்தினார். காவல் துறையினர் அவனுடைய கைப்பேசியையும் கணினியையும் கைப்பற்றித் தோண்டிப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான படங்களும் காணொளிகளும் வெளிவந்தன. அவற்றைக் காட்டித்தான் மனைவிக்கே செய்தி சொன்னார்கள். 2024 டிசம்பரில் அவ்விஞ்ஞோன் நீதிமன்றத்தில் அவனோடு சேர்த்து 51 ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள். மனைவி ஜிசேல் பெலிகோ தன் பெயரை மறைக்க வேண்டாம், விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் உலகமே அதை அறிந்தது.

குற்றம் ஒன்றுதான், ஆளும் ஒருவன்தான். 2010-இல் எடுத்துக்கொண்ட விதமும் 2020-இல் எடுத்துக்கொண்ட விதமும்தான் வேறு. ஜிசேலின் துணிவை எல்லோரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டியதுதான். என் மனத்தில் அதற்கு இணையாக நிற்பவர்கள், பெயர் வெளிவராத அந்த அங்காடிப் பெண்கள். ‘இதற்கெல்லாமா புகார்?’ என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்?

பழிவாங்கலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதன் முழு விவரமும் உங்களிடமே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் சட்டமன்ற உறுப்பினர் மீது புகார் சொன்ன பெண்ணின் தந்தை 2018-இல் தாக்கப்பட்டு, தாக்கப்பட்டவரே கைதாகி, காவலில் இறந்தார். 2019-இல் அந்தப் பெண் சென்ற கார் மீது லாரி மோதியதில் உறவினர்கள் இருவர் மாண்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் டெல்லி நீதிமன்றம் அந்த அரசியல்வாதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பைக் காட்டி ‘நீதி கிடைத்ததே’ என்கிறோம். ஊர்ப் பெண்கள் கண்டது அந்தத் தந்தையின் உடலை.

புகார் எழுதிய பிறகு வருவதும் அவர்களுக்குத் தெரியும். மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் விரல்களை நுழைத்து ‘பழக்கப்பட்டவளா’ என்று பார்க்கும் முறைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் அது உரிமை மீறல் என்றது. 2022-இல், அதைச் செய்பவர் ஒழுங்கீனத்துக்குப் பொறுப்பாவார் என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அதே நீதிமன்றம் அதையே திரும்பச் சொல்ல நேர்ந்தது என்றால், இடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்க அதிக அறிவு வேண்டாம். இங்கிலாந்தில் வேறு வகை: புகார் தருபவரின் கைப்பேசியை முழுவதுமாக ஒப்படைக்கச் சொல்லி 2019-இல் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். பழைய காதலனோடு பேசியது, தோழியோடு சிரித்தது, எல்லாம் கோப்பில் ஏறும். கடும் எதிர்ப்புக்குப் பின் 2020-இல் அந்தப் படிவம் கைவிடப்பட்டது.

அத்தனையையும் சகித்து உடலையே தடயமாகக் கொடுத்தபின் அது எங்கே போகிறது? 2009-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் காவல் துறைக்குச் சொந்தமான கிடங்கு ஒன்றில், 11,000-க்கும் மேற்பட்ட பாலியல் வன்முறைத் தடயப் பெட்டிகள் சோதிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பல மணி நேரம் நீளும் அந்தப் பரிசோதனையை ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். பிற்பாடு அவற்றைச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான தொடர் குற்றவாளிகள் அடையாளம் தெரிந்தார்கள். அந்தப் பெண்கள் புகார் கொடுத்தவர்கள். கொடுக்காதவர்களின் கூட்டத்தில் சேராதவர்கள். கிடங்குக்குள் போனபின் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

1979-இல் இந்தியாவில் நான்கு சட்டப் பேராசிரியர்கள், உபேந்திர பக்சி, வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், 1972-இல், வளர் இளம் பருவத்துப் பழங்குடிப் பெண் ஒருவரை ஒரு காவலர் வன்புணர்ந்ததாகவும் இன்னொருவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகவும் தொடுக்கப்பட்ட வழக்கைப் பற்றியது அது. உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்பவற்றைக் காரணங்களாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்திருந்தது. அடிபணிவதற்கும் சம்மதத்துக்கும் இடையே வேறுபாடே இல்லையா என்று அந்த மடல் கேட்டது. மகளிர் இயக்கம் தெருவுக்கு வந்தது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வில், உறவு நடந்தது நிரூபணமாகி, பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத் தொடங்க வேண்டும் என்றானது. திறந்த மடல்களால் எதுவும் நடக்காது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கூடவே, அந்தக் குற்றம் நடந்த இடம் காவல் நிலையம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாசலில் தயங்கி நிற்பவர்களுக்கு அது மறக்கவில்லை.

பெண் அலுவலரை நியமித்துவிட்டோம் என்பீர்கள். நல்லது, வேண்டும். கொலராடோவில் அந்தத் தொடர் குற்றவாளியைத் துரத்திப் பிடித்த துப்பறிவாளர்கள் இருவரும் பெண்களே. ஆனால் ‘நல்ல குடும்பத்துப் பெண் இதையெல்லாம் வெளியே சொல்லுவாளா?’ என்ற கேள்வி பெண் குரலிலும் வரும், சில வேளைகளில் இன்னும் கூர்மையாக வரும். சீருடைக்குள் இருப்பது யார் என்பதைவிட, அவர் எதைக் கேட்கப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறார் என்பது முக்கியம்.

உங்கள் தரப்பையும் நான் அறியாதவள் இல்லை. ஆள் போதாது. ஒரே மேசைக்குத் திருட்டும் விபத்தும் அடிதடியும் வருகின்றன. புகார் எண்ணிக்கை கூடினால் ‘உங்கள் எல்லையில் குற்றம் பெருகிவிட்டது’ என்று மேலதிகாரி கடிந்துகொள்கிறார், பத்திரிகை தலைப்புப் போடுகிறது, சட்டமன்றத்தில் கேள்வி எழுகிறது. எழுதிக்கொள்ளாத அலுவலருக்கு நிம்மதி, எழுதிக்கொண்டவருக்குத் தலைவலி. புகாரை வாங்காமலிருக்க, சமரசம் பேசி அனுப்ப, வேறு நிலைய எல்லை என்று தட்டிக்கழிக்க, உங்களுக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. பாலியல் வன்முறைப் புகார்கள் கூடுவதை ஒரு நிலையத்தின் மீதுள்ள நம்பிக்கை கூடுவதாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உங்கள் மேலதிகாரிகளிடம் நீங்களே வாதாட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் வெளியிலிருந்து சொன்னால் அவர்கள் கேட்பதில்லை.

பிலடெல்பியா நகரக் காவல் துறை இந்தக் கணக்கு விளையாட்டில் கைதேர்ந்திருந்தது. நம்ப விரும்பாத பாலியல் வன்முறைப் புகார்களைக் ‘குற்றமல்லாதவை’ என்று ஒரு குறியீட்டு எண்ணின்கீழ்ப் போட்டுவைப்பார்கள். அவை குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறாது, விசாரணையும் நடக்காது. பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான புகார்கள் அப்படிப் புதைந்திருந்ததை 1999-இல் அந்நகரின் நாளேடு ஒன்று அம்பலப்படுத்தியது. அப்போதைய ஆணையர் ஜான் டிமோனி செய்தது, காவல் துறையினர் வழக்கமாகச் செய்யாத ஒன்று. பழைய கோப்புகளைத் திரும்ப விசாரிக்க உத்தரவிட்டதோடு, தம்மைக் கடுமையாகத் தாக்கிப் பேசிக்கொண்டிருந்த மகளிர் அமைப்புகளையே அழைத்து, கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள் என்றார். அதிலிருந்து ஆண்டுதோறும் அவர்கள் வருகிறார்கள். ஆதாரமற்றவை என்று மூடப்பட்டவற்றைப் படிக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள், அந்தச் சாட்சியை ஏன் விசாரிக்கவில்லை, பாதிக்கப்பட்டவரை ஏன் குற்றவாளியைப் போல நடத்தினீர்கள் என்று குறிப்பு எழுதுகிறார்கள். துறை பதில் சொல்கிறது; தேவையானால் கோப்பு மறுபடி திறக்கப்படுகிறது. வேறு நகரங்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஒரு மேசை, ரகசியம் காக்கும் உறுதிமொழி, வெளியார் முன் நம் எழுத்தை வைக்கும் துணிவு, இவ்வளவே.

அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் நிலையத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் ‘பொய்’, ‘தவறான புரிதல்’, ‘சமரசம்’, ‘புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி மூடப்பட்ட பாலியல் வன்முறைக் கோப்புகளை, பெயர்களை மறைத்து, பாதிக்கப்பட்டவர்களோடு பணியாற்றும் வெளி அமைப்புகள் படிக்க அனுமதியுங்கள். பதிவாகாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். யார், எந்த நாளில், என்ன காரணம் சொல்லித் திருப்பினார் என்று அலுவலரின் கையெழுத்தோடு. இரண்டையும் எந்தத் தேதியிலிருந்து தொடங்குவீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,

உங்களிடம் வரத் தயங்குபவர்களை அறிந்த ஒருத்தி